ஒரு கட்டை ஏத்துன்னா எவ்வளவு?

“கடைசிப் பல்லவிய ஒரு கட்டை ஏத்திக்கலாம்.”

ஒத்திகையில் பாடகர் இப்படிச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலைக்குள் ஓடும் கணக்குதான் ஆளுக்கொன்று. மும்பையில் இது கொஞ்சம் கூடுதல். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கூடும் தமிழ் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர் பாட்டு வாத்தியாரிடம் படித்தவர், சுருதியை, அதாவது பாட்டின் ஸ எங்கே நிற்கிறது என்பதை, கட்டையில் சொல்வார். தபலாக்காரர் மராத்திக்காரர், அவருக்கு அது ‘காளி தோன்’ (கறுப்பு இரண்டு), ‘பாண்டரி சார்’ (வெள்ளை நாலு). ஹிந்தி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துவிட்டு வருகிற புல்லாங்குழல்காரர் வெள்ளையை ‘சஃபேத்’ என்பார். கீபோர்டுக்காரர் சர்ச்சில் பழகியவர் என்றால் ‘டி ஷார்ப்’, ‘எஃப்’. நாலும் ஒரே பியானோவைத்தான் சொல்கின்றன. ஆனால் எண்கள் ஒத்துப்போவதில்லை.

நம் கணக்கில் வெள்ளைக் கட்டைகள் ஏழும் முழு எண்: சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. கறுப்பு ஐந்தும் அரை: 1½, 2½, 4½, 5½, 6½. மராத்தி, ஹிந்திக் கணக்கில் வெள்ளைக்கு இதே எண்கள்தான். கறுப்பைத் தனியாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஆகவே நம் 1½ அவர்களுக்குக் கறுப்பு ஒன்று, 2½ கறுப்பு இரண்டு, 4½ கறுப்பு மூன்று, 5½ கறுப்பு நாலு, 6½ கறுப்பு ஐந்து. நீங்கள் ‘நாலரை’ என்று சொல்ல, எதிரே இருப்பவர் நாலையும் கறுப்பையும் சேர்த்து ‘காளி சார்’ என்று பிடித்துக்கொண்டால் அது 5½. கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன்; இது முழுசாக இரண்டு செமிடோன் மேலே. முதல் வரியிலேயே பாடகர் கழுத்து நரம்பு புடைக்கும்.

இதைவிட நுட்பமான கண்ணி 3க்கும் 4க்கும் நடுவில் இருக்கிறது. ஈக்கும் எஃப்புக்கும் இடையில் கறுப்புக் கிடையாது. 3½ என்று ஒரு சுருதியே இல்லை. 7க்கும் மேல் 1க்கும் நடுவில் அதே கதை. ஒன்றாம் கட்டையில் பாடுகிறவர் “ஒரு கட்டை ஏத்து” என்றால் 2, அதாவது இரண்டு செமிடோன். மூன்றாம் கட்டையில் பாடுகிறவர் அதையே சொன்னால் எண்ணைப் பார்க்கிறவர் 4க்குப் போவார், ஒரே செமிடோன். தூரத்தைப் பார்க்கிறவர் 4½க்குப் போவார். மேடையில் பேஸ் கிட்டார் 4லும் கீபோர்டு 4½லும் இறங்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால் ‘ஒரு கட்டை’ என்ற பேச்சையே விட்டுவிடுவது நல்லது. “2½லிருந்து 4, எஃப், பாண்டரி சார்” என்று எங்கிருந்து எங்கே என்பதை மூன்று பாஷையிலும் ஒரு தாளில் எழுதி, வாத்தியத்துக்கு ஒன்றாக ஒட்டிவிட வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் செமிடோன் அளவில்தான்.

ராகம் மாறுவதை ஸ்கேல் (பாட்டு நிற்கிற சுருதி) மாறுவதாக எண்ணிக்கொள்கிறவர்களும் உண்டு. ராகமாலிகையில் ராகம்தான் மாறும், ஸ அசையாது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ மாண்டு, தோடி, தர்பார், மோகனம் என்று ஊர் ஊராகப் போனாலும் புறப்பட்ட திண்ணை ஒன்றுதான். கிரகபேதம் இதிலிருந்து ஒரு படி தள்ளி. மோகனத்தின் ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டே அதன் ரி-யை ஸ என்று நினைத்தால் மத்தியமாவதி, க-வை நினைத்தால் ஹிந்தோளம், ப-வை நினைத்தால் சுத்த சாவேரி, த-வை நினைத்தால் சுத்த தன்யாசி. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) ஆலாபனையில் இதைச் செய்துகாட்டியதை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் பின்னால் தம்புரா பழைய ஸ-வையேதான் மீட்டிக்கொண்டிருக்கும். கேட்பவரின் காது ஒரு கணம் ஏமாந்து பிறகு வீடு திரும்பும்.

நம் கச்சேரியில் நிஜமாகவே தரை நகர்கிற இடம் ஒன்று உண்டு: மத்தியம சுருதி. துக்கடா (கச்சேரிக் கடைசியில் வரும் சின்னப் பாட்டுகள்) பாடும்போது தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிவிட்டு, பாடுகிறவர் அந்த ம-வையே ஸ-வாக வைத்துக்கொள்வார். ஐந்து செமிடோன் ஏற்றம். அப்படிப் பாடப்படும் ராகங்களைப் பாருங்கள்: நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, செஞ்சுருட்டி மூன்றும் நி-யோடு நின்றுவிடும், குறிஞ்சி த-வோடு. மேல் ஸ்தாயிக்குப் போகாத ராகங்களுக்குத்தான் ஸ-வை உயர்த்துகிறார்கள். தரையை உயர்த்தினால் கூரையில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். பாப் பாட்டின் கடைசிப் பல்லவிக்கும் கணக்கு இதுதான்.

ஸ்கேல் மாற்றத்தைத் திட்டமிடுகிறவர் பாட்டின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால் தப்பு. “எனக்கு மூணு சௌகரியம், மூணுல ஆரம்பிப்போம், அப்புறம் ஏத்துவோம்” என்பதுதான் வழக்கமான பேச்சு. கடைசிப் பல்லவியில் குரல் எங்கே நிற்க முடியும் என்பதை முதலில் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒரு உதாரணம். பாட்டு மந்தர ப-விலிருந்து (கீழ் ஸ்தாயி ப) மேல் ஸ வரை போகிறது. ப-விலிருந்து நடு ஸ-வுக்கு 5, அங்கிருந்து மேல் ஸ-வுக்கு 12; மொத்த வீச்சு 17 செமிடோன். பாடுகிற ஆணின் குரல் பியானோவின் நடு சி-க்குக் கீழே 15 செமிடோனும் மேலே 6 செமிடோனும் திடமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வீச்சு 21. மிச்சம் 4. மந்தர ப அவரது கீழ் எல்லையில் விழ வேண்டுமானால் சுருதி 2. மேல் ஸ அவரது உச்சியில் விழ வேண்டுமானால் சுருதி 4½. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாட்டு முழுவதும், தாவலும் சேர்த்து, குடித்தனம் நடத்த வேண்டும்.

இரண்டு செமிடோன் ஏற்றம் வேண்டுமென்றால் 3ல் தொடங்கி 4½ல் முடிக்கலாம் என்று காகிதம் சொல்லும். குரல் சொல்லாது. கடைசிப் பல்லவி வரும்போது பாடகர் மூன்று, நான்கு நிமிடம் பாடி முடித்திருப்பார். அதுவும் சாதாரணமாக நிகழ்ச்சியின் பத்தாவது, பன்னிரண்டாவது பாட்டாக இருக்கும். உச்சியில் ஒரு செமிடோனாவது கையிருப்பு வேண்டும். அப்படியென்றால் முடிவு 4, தொடக்கம் 2½. தொடக்கத்தில் மந்தர ப அவரது கீழ் எல்லைக்கு ஒரே ஒரு செமிடோன் மேலே இருக்கும். சத்தம் குறைவாகத்தான் வரும். அந்த வரிக்கு மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோய் மெல்லப் பாடினால் போதும், இசையமைப்பும் அங்கே மெலிந்து இருக்கட்டும். தொடக்கம் தாழ்ந்திருந்தால்தான் முடிவில் ஏறியது தெரியும். “தொடக்கமே எடுப்பா இருக்கணும்” என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கு ஸ்கேல் மாற்றம் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

தாவல் எத்தனை செமிடோனோ அத்தனை செமிடோன் பாட்டின் வீச்சும் கூடிவிடுகிறது என்பதை மறக்கிறவர்கள்தான் பியான்ஸேயின் ‘லவ் ஆன் டாப்’ (2011) பாட்டை மேடையில் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அது 1ல் தொடங்கி 1½, 2, 2½, 3 என்று நாலு முறை ஒவ்வொரு செமிடோனாக ஏறும். ஒவ்வொரு முறையும் சின்னப் படிதானே என்று தோன்றும். கடைசியில் நிற்கும்போது நாலு செமிடோன், அதாவது ஸ இருந்த இடத்தில் க. பாபி டேரின் பாடி 1959ல் வெளியான ‘மேக் த நைஃப்’ ஐந்து படி ஏறும்: 6½, 7, 1, 1½, 2, 2½. அது நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் வைலும் 1928ல் பெர்லினில் போட்ட இசை நாடகத்துப் பாட்டு. மெட்டு சின்னது, வீச்சு குறுகல், அதே மெட்டு சரணத்துக்குச் சரணம் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் ஐந்து படி தாங்குகிறது. பல்லவிக்கே ஒன்றரை ஸ்தாயி கேட்கிற நம் திரைப்பாட்டு ஒரு படிக்கு மேல் தாங்காது.

அடுத்தது, புது ஸ-வை யார் முதலில் சொல்வது? பாடகர் சொல்லக் கூடாது. அவர் புது ஸ்கேலில் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்பவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது புது ஸ்கேலின் ப, நி, ரி, ம நாலையும் ஒன்றாகச் சேர்த்து அமுக்குகிற கார்டு; பாலக் கார்டு என்று வைத்துக்கொள்வோம். 4ஆம் கட்டைக்குப் போவதானால் அது சி செவன்த். இந்த நாலில் ஸ-வும் க-வும் இல்லை. நி ஸ-வுக்கு ஏங்கும், ம க-வுக்கு இறங்கத் துடிக்கும். பேஸ் கிட்டார் அந்த ப-வைக் குறைந்தது இரண்டு தட்டு, நிதானமான பாட்டில் ஒரு முழு பார் (ஒரு தாளச் சுற்று, சாதாரணமாக நாலு தட்டு), பிடித்திருக்க வேண்டும். பேஸ்காரர் பழைய ஸ-விலேயே நின்றுவிட்டால் மேலே எந்தக் கார்டு போட்டும் பயனில்லை. காது எப்போதும் கீழே இருப்பவனைத்தான் நம்பும்.

மேடையில் அடிக்கடி நடக்கிற விபத்து இந்த இடத்தில்தான். பாடகர் பழைய பல்லவியின் கடைசி வார்த்தையை ஸ-வில் நிறுத்தி, கைதட்டலுக்காக நீட்டிக்கொண்டே இருப்பார். கீழே பாலக் கார்டு வந்துவிடும். ஏற்றம் இரண்டு செமிடோன் என்றால் பழைய ஸ புது ஸ்கேலில் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி), கார்டில் இருப்பதோ காகலி நிஷாதம் (உயர்ந்த நி). இரண்டுக்கும் ஒரே செமிடோன், உரசும். கேட்பவர்கள் பாடகர் அபஸ்வரம் பிடித்தார் என்பார்கள். அவர் பாவம், சரியாகத்தான் நின்றார். வழி எளிது. அந்தக் கடைசி வார்த்தையை ஸ-வில் முடிக்காமல் ப-விலோ த-விலோ முடிக்கச் சொல்லுங்கள். பழைய ப புது ம ஆகும், பழைய த புது ப ஆகும்; இரண்டுமே கார்டுக்குள் இருப்பவை. ஸ-வில்தான் முடிப்பேன் என்றால் கார்டு வரும் முன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஒரே செமிடோன் ஏற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பழைய ஸ-வே புது ஸ்கேலின் காகலி நிஷாதம், பாலக் கார்டின் ஓர் உறுப்பு. பாடகர் இஷ்டத்துக்கு நீட்டலாம். நீட்டிய சுரமே மெல்ல ஏறிப் புது ஸ-வில் உட்கார்ந்துவிடும். பாப் உலகில் அரைக் கட்டை ஏற்றம் இவ்வளவு புழங்குவதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம். மைக்கேல் ஜாக்ஸனின் ‘மேன் இன் த மிரர்’ (1987) 5லிருந்து 5½க்குப் போகும். ‘மாற்று’ என்று பொருள்படும் சொல் வருகிற தட்டிலேயே ஸ்கேல் மாறுகிறது. சொல்லும் சுருதியும் இப்படிக் கூடி வருவது அபூர்வம். நம்மூர்ப் பாடலாசிரியர்கள் யாராவது ‘எழு’, ‘ஏறு’ என்ற சொல்லை அந்த இடத்துக்குக் கொடுத்தால் இசையமைப்பாளர் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார்.

பாலமே போடாத வழிகளும் உண்டு. விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ (1992) பாட்டில் எல்லாம் நின்றுபோகும். ஒரு நிசப்தம், ஒரே ஒரு டிரம் அடி, பிறகு 6லிருந்து 7. பழைய ஸ-வைக் காது மறப்பதற்கு அந்த நிசப்தம் அவகாசம் தருகிறது. பான் ஜோவியின் ‘லிவின் ஆன் எ பிரேயர்’ (1986) வேறு தந்திரம் செய்யும். 3 மைனரிலிருந்து 5 மைனருக்கு, மூன்று செமிடோன் தாவும். அதற்கு முந்தைய பாரில் நாலுக்குப் பதில் மூன்றே தட்டு. கேட்பவர் எதிர்பார்த்ததற்கு ஒரு தட்டு முன்னால் தரை எழும்பிவிடும். மேடையில் இதைச் செய்தால் டிரம்மருக்கும் பாடகருக்கும் தனி ஒத்திகை வேண்டும். பழக்க தோஷத்தில் ஒருவர் நாலாவது தட்டைப் போட்டால் பாட்டு அங்கேயே முறியும். ஜானி கேஷ் ‘ஐ வாக் த லைன்’ (1956) பாட்டில் சரணத்துக்குச் சரணம் ஸ்கேல் மாறும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் புதுச் சுருதியை முனகிக்கொள்வார். அந்த முனகலே பாட்டின் அடையாளமாகிவிட்டது. பாட்டு வகுப்பில் ஸ பிடிக்கிற அதே காரியம்.

தூரத் தாவலுக்கு வருவோம். நாலு செமிடோன், ஐந்து செமிடோன் என்றால் படியேற்றம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு இரண்டு ஸ்கேலுக்கும் பொதுவான ஒரு சுரத்தைத் தேட வேண்டும். ‘டைட்டானிக்’ (1997) படத்தில் செலின் டியோன் பாடிய ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ கடைசிப் பல்லவிக்கு 3லிருந்து 5½க்குத் தாவுகிறது. மூன்றாம் கட்டையின் க எங்கே இருக்கிறது? 5½ல். பழைய க-தான் புது ஸ. அவ்வளவு நேரம் காதில் விழுந்துகொண்டிருந்த சுரம் திடீரென்று வீட்டுத் தலைவர் ஆகிவிடுகிறது. கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இங்கே வித்தியாசம், தம்புராவும் கூடவே எழுந்து வந்துவிடுகிறது.

இதே 3லிருந்து 5½ தாவலை ஜெரோம் கெர்ன் 1939லேயே, ‘வெரி வார்ம் ஃபார் மே’ என்ற மேடை இசை நாடகத்துக்காக எழுதிய ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’ பாட்டில் செய்துவிட்டார். 36 பார்தான் பாட்டு. 5½ல் தொடங்கி 1, பிறகு 2½, 5, 3, கடைசியில் மறுபடி 5½. 5½லிருந்து 1க்குப் போகும்போது பழைய க புது ஸ. 2½லிருந்து 5க்கும் அப்படியே. 3லிருந்து வீடு திரும்பும்போதும் அப்படியே. திரும்புகிற அந்த இடத்தில் பாடகர் பிடித்திருக்கும் சுரம் மாறவே மாறாது. 3ஆம் கட்டையின் க-வாக நீண்ட அதே சுரம், கீழே கார்டு நகர, மெட்டின் முதல் சுரமாகிவிடுகிறது. ஜாஸ் வாசிக்கிறவர்கள் இதை இன்றும் பாடமாக வாசிக்கிறார்கள். ஏற்றம் என்ற உணர்ச்சியே இல்லாமல் ஐந்து ஸ்கேலைச் சுற்றிவரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

‘கேட்ஸ்’ (1981) நாடகத்தின் ‘மெமரி’யும் இந்தக் குடும்பம்தான். 6½ல் தொடங்குகிறது. நடுவே வாத்தியங்கள் 4½க்கு இறங்கும்: பழைய ஸ இப்போது க. அங்கிருந்து உச்சகட்டம் 1½ல்: பழைய ப இப்போது ஸ. இறங்கிவிட்டு ஏறுவதால், தொடங்கிய இடத்திலிருந்து மூன்று செமிடோன்தான் மேலே போனோம் என்பது தெரியாமல் எங்கோ உயரத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இதை மேடையில் எடுக்கிறவர்கள் சௌகரியத்துக்காக நடுப்பகுதியை வெட்டிவிட்டு 6½லிருந்து நேரே 1½க்குப் போவதுண்டு. போகலாம். ஆனால் பள்ளம் இல்லாமல் மேடு தெரியாது.

இசை நாடகத்தில் ஸ்கேல் மாறுவதற்குப் பாப் பாட்டில் இல்லாத காரணங்களும் இருக்கின்றன. ஒன்று, பாடுகிற ஆள் மாறுவது. கர்நாடக மேடையில் ஆண்களுக்கு 1, 2 கட்டை, பெண்களுக்கு 5, 6 கட்டை என்பது பொதுவான அளவு. அந்த ஏழு செமிடோன் வித்தியாசத்தை ஒரே டூயட்டில் சமாளிக்க, அவன் சரணம் ஒரு ஸ்கேல், அவள் சரணம் இன்னொன்று என்று பிரித்து, இடையிசையில் பாலம் போடுவார்கள். மராத்தி சங்கீத நாடகத்தில், அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சாகுந்தல்’ 1880ல் தொடங்கிவைத்த அந்த மரபில், நடிகருக்கு நடிகர் ‘பட்டி’ (சுருதிக் கட்டை) வேறு. மும்பையில் எந்த ஆர்மோனியக்காரரிடம் போனாலும் முதல் கேள்வி “பட்டி கோண்தி?” என்பதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழ் பாய்ஸ் கம்பெனிகளிலும் பின்பாட்டு ஆர்மோனியம்தான் எல்லார் சுருதிக்கும் வளைந்து கொடுத்தது. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் எந்தப் பட்டியும் உதவாது, வேஷம் போய்விடும்.

இன்னொரு காரணம் நாள்பட உழைப்பது. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி வழக்கம். எட்டாவது காட்சியிலும் எட்டுகிற சுரத்துக்குத்தான் ஸ்கேல் குறிக்கிறார்கள். நடிகர் மாறினால் ஸ்கேலும் மாறும், பிட்டில் (மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்களுக்கான பள்ளம்) உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் புதுத் தாள் எழுதப்படும். மும்பைக்கு ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 2023ல், பாந்திரா குர்லாவில் உள்ள நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்துக்கு வந்தது. ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா’ 2025ல். பின்னதன் தலைப்புப் பாட்டு ஒரே ஸ்கேலில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போய், நாயகியின் குரலை நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி தாண்டி அதற்கும் மேலே உள்ள ஈ வரை கொண்டுபோய் விடுகிறது. வாத்தியாரின் பிடியில் மாணவி இழுபடுகிற கட்டம் அது. ஸ்கேல் மாற்றம் அங்கே அலங்காரம் அல்ல, கதை.

பாடுகிறவர் சௌகரியத்துக்கு வாத்தியத்தையே நகர்த்துவது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் நூற்றுக்கணக்கான பாட்டுகளை எஃப் ஷார்ப்பில், நம் 4½ல், கறுப்புக் கட்டைகளை வைத்தே போட்டார். வேறு ஸ்கேல் வேண்டுமானால் அவர் பியானோவில் ஒரு நெம்புகோலைத் தள்ளுவார். இங்கே ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் செய்வதும் அதையேதான்: விரல் அதே கட்டையில், பலகை மட்டும் நகரும். ஆனால் இவை இரண்டும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாற்றுவதற்கானவை. பாட்டின் நடுவில் ஆர்மோனியப் பலகையைத் தள்ளினால் துருத்திக் காற்றோடு ஒரு முனகல் வரும்.

விரல் மாறாமலே சுருதியை மாற்றித் தரும் கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டனை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கீபோர்டுகளில் பட்டனை அழுத்தியபோது ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் பழைய ஸ்கேலிலேயே நிற்கும். விட்டுப் பிடித்தால்தான் புதியது வரும். ஸ்டிரிங்ஸ் சத்தத்தை சஸ்டெயின் பெடலில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் இரண்டு ஸ்கேலும் ஒன்றாகக் கேட்கும். பாலக் கார்டைக் கையால், பழைய அமைப்பிலேயே வாசித்து, கையையும் காலையும் எடுத்து, அந்த இடைவெளியில் பட்டன், பிறகு புதுப் பல்லவி என்று வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்கேலையும் விரலாலேயே வாசிக்கப் பழகுவது இதையெல்லாம்விடக் குறைந்த வேலை.

தபலா ஸ-வுக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். பாட்டின் நடுவில் சுத்தியை எடுத்துக் கட்டையைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு செமிடோன் ஏற்றம் என்றால் தொடக்கத்திலேயே ப-வுக்குச் சேர்த்துவிடலாம். ஏறியபின் அது ம ஆகிவிடும், இரண்டு பக்கமும் உறுத்தாது. ஒரு செமிடோன் ஏற்றத்துக்கு இந்த வழி இல்லை. பொதுவாகக் கிடைப்பவை பழைய ஸ-வும் ம-வும்தான். அவை புது நி-யும் க-வும் ஆகி, ஒவ்வொரு அடியிலும் தபலா தனியாகத் தெரியும். இரண்டாவது தபலா ஒன்றைப் புது ஸ-வுக்குச் சேர்த்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லையேல் கடைசிப் பல்லவியை டோலக்குக்கோ ஆக்டோபேடுக்கோ (எலெக்ட்ரானிக் தாளப் பலகை) கொடுத்துவிடலாம். புல்லாங்குழல்காரர் பெட்டியிலிருந்து வேறு குழலை எடுக்க இரண்டு பாராவது ஓய்வு வேண்டும். கிட்டாரில் கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) நகர்த்த நேரம் இருக்காது. முதலிலிருந்தே கேப்போ இல்லாமல் பார் கார்டு (ஒரே விரலால் தந்திகளை எல்லாம் அழுத்துவது) பிடிக்கச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக் தம்புராவை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பஜனைக்குப் போட்டது அப்படியே பழைய ஸ-வில் முனகிக்கொண்டிருக்கும். பாலத்துக்கு நாலு பார் முன்பே அதை நிறுத்துவதற்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

கரோக்கி டிராக்கில் பாடுவதானால் ஏற்றும் வேலையை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ளலாம். முழு டிராக்கையும் ஒட்டுமொத்தமாக ஏற்றினால் டிரம் சத்தமும் சேர்ந்து ஏறித் தகரமாகும். தாளம் தனி, சுரம் தனி என்று பிரித்த டிராக் கிடைத்தால் சுரத்தை மட்டும் ஏற்றலாம். கிடைக்காவிட்டால் இரண்டு செமிடோனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய திரைப்பாட்டுகளில் பல, டேப் ஓடிய வேகத்தால், எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கூடவே கீபோர்டு வாசிப்பதானால் அதன் ட்யூனிங்கை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து நகர்த்தி டிராக்கோடு சேர்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கோரஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குப் பாட்டு வகுப்பே போதும். “மேலே போ” என்று கையை உயர்த்திக் காட்டினால் ஆளுக்கொரு உயரம் போவார்கள். புது ஸ பழைய ஸ்கேலில் எந்தச் சுரம் என்று பெயர் சொல்லுங்கள். ஒரு செமிடோன் ஏற்றமா? சரளி வரிசையில் தினமும் பாடுகிற மாயாமாளவகௌளை ரி. இரண்டு செமிடோனா? சங்கராபரண ரி. மூன்றுக்குக் கரகரப்பிரியா க, நாலுக்கு சங்கராபரண க, ஐந்துக்கு ம. அந்தச் சுரத்தில் போய் நிற்கவைத்து, அதற்கே ஸ என்று பெயர் மாற்றி, அங்கிருந்து ஸ-ப-ஸ பாடவைத்தால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். வாத்தியம் இல்லாமல் பாடும் குழு என்றால் அரைக் கட்டை ஏற்றத்தைத் தொடாதீர்கள். துணையில்லாத கோரஸ் பாடப் பாடக் கொஞ்சம் இறங்குவது சகஜம். கால் கட்டை இறங்கிய குழு அரைக் கட்டை ஏறினால் கேட்பவருக்குப் பாதிதான் கிடைக்கும், அது ஏற்றமாகவும் தெரியாது, தப்பாகத்தான் தெரியும்.

ஷண்முகானந்தா மாதிரி 2,700க்கு மேல் இருக்கை உள்ள அரங்கமோ, முலுண்டில் கணபதிப் பந்தலோ, மேடையில் இருப்பவர்களுக்கு வெளியே கேட்பது கேட்காது. பாடகரின் மானிட்டரில் பேஸும் கீபோர்டும் தெளிவாக இருக்கிறதா என்று ஒலி சரிபார்க்கும்போது ஸ்கேல் மாறுகிற இடத்து எட்டு பாரை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பல்லவியைப் பாடி “சரி, ஓகே” என்று இறங்கிவிடுகிறார்கள்.

கடைசியாக, ட்ரான்ஸ்போஸ் +2ல் வைத்து வாசித்தவர் அந்தப் பாட்டு முடிந்த கையோடு பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கைதட்டலில் அது மறந்துபோகும். விழா நிகழ்ச்சிகளில் ஸ்கேல் ஏற்றும் பாட்டைக் கடைசிப் பாட்டாகத்தான் போடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், கீபோர்டுக்காரர் பழக்கமான இடத்தில் விரலை வைப்பார், 52 விநாடிப் பாட்டு இரண்டு செமிடோன் மேலே கிளம்பும். ‘ஜய ஹே’ மேல் ஸ-வில் வரும்போது முதல் வரிசைப் பெரியவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள்.